கனாட் பிளேஸ் கௌபாய்

டெல்லியில் குதிரைச் சேணத்தில் ஏறி உட்கார ராணுவத்தில் சேர வேண்டியதில்லை, போலோ மைதானத்துப் பெரிய மனிதர்களின் சிநேகமும் தேவையில்லை. ஒரு காலத்தில் கனாட் பிளேஸுக்குப் போனாலே போதும். வெள்ளைத் தூண்கள் வரிசைகட்டி நிற்கும் அந்த வட்டத்தில் 'ரோடியோ' என்றொரு உணவகம் இருந்தது. பார் கவுன்ட்டருக்கு முன்னால் ஸ்டூல்களுக்குப் பதிலாக, சத்தியமாகச் சேணங்கள்! காலை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போட்டு உட்கார்ந்துகொண்டு பீரைச் சொல்ல வேண்டியதுதான். கொண்டு வருகிற வெயிட்டர் தலையில் கௌபாய் தொப்பி. தட்டில் மெக்ஸிகோ, சுவரெங்கும் டெக்ஸஸ், கதவைத் திறந்து வெளியே வந்தால் மீட்டர் போட மறுக்கும் ஆட்டோக்காரர்.

இவ்வளவு நாடகத்துக்கும் நடுவில் ஓர் ஆள் கிடாரை மாட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். தொப்பி அவருக்கும் உண்டு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கன்ட்ரி இசையின் ஊரான நாஷ்வில் நகரத்து ரேடியோ ஸ்டேஷனில் நிற்பதுபோலிருக்கும் என்று கேட்டவர்கள் வியந்தார்கள். பெயர் பாபி கேஷ். அமெரிக்க ஜாம்பவான் ஜானி கேஷுக்கு ஒன்றுவிட்ட தம்பியோ என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா அம்மா வைத்த பெயர் பால் கிஷோர் தாஸ் லோய்வால். ஊர், டேராடூன் பக்கம் கிளெமென்ட் டவுன். பால் கிஷோர் மேடைக்காகப் பாபி கேஷ் ஆனார். ஆஸ்திரேலியாக்காரர்கள் பிற்பாடு வைத்த பட்டம் 'இண்டியன் கௌபாய்'.

2004-ல் அவருடைய 'கௌபாய் அட் ஹார்ட்' ஆல்பம் வந்தது. சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடுகிற ஒரு டேராடூன்காரர், டெல்லி பார் ஒன்றில் இரவு இரவாகப் பாடிப் பழகிவிட்டு, பழைய பாணிக் கன்ட்ரி இசையில் ஆல்பம் போட்டு, அதை ஆஸ்திரேலியாக்காரர்கள் விழுந்து விழுந்து கேட்டார்கள் என்றால், அதன் பின்கட்டில் என்னதான் நடந்தது என்று எட்டிப் பார்க்கத் தோன்றாதா? எனக்குத் தோன்றியது. வாருங்கள், செருப்பைக் கழற்ற வேண்டாம், அப்படியே உள்ளே வரலாம்.

முதல் அறை, கிளெமென்ட் டவுன். திபெத்திய மடாலயம், ராணுவக் குடியிருப்பு, மலைக்காற்று என்றிருக்கும் இடம். அங்கே இருந்த பையனுக்கு நாஷ்வில்லில் வசித்த ஆன்ட்டி ஒருவர் இசைத்தட்டுகள் அனுப்பிக்கொண்டிருந்தார். கதையின் ஆணிவேரே இந்தப் பார்சல்தான். டெல்லி, பம்பாய் பையன்களுக்கு அப்போது மேற்கத்திய இசை என்றால் பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், மிஞ்சினால் டீப் பர்பிள். இந்தப் பையன் வீட்டுப் பெட்டியிலிருந்தோ வயலினும் பான்ஜோவும் ஸ்டீல் கிடாரும் புறப்பட்டு வந்தன. எது முதலில் காதில் விழுகிறதோ அதுவே தாய்மொழி என்பது சங்கீதத்துக்கும் பொருந்தும்.

தட்டு அனுப்புவதில் ஒரு வசதி இருக்கிறது. அது அப்படியே உறைந்துபோன காலம். நாஷ்வில்லில் இசை மாறிக்கொண்டே போகும், தட்டு மாறாது. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கன்ட்ரி என்ற பெயரில் ஷானியா ட்வெய்ன் வகையறாப் பாப் இசைதான் ரேடியோவை ஆண்டுகொண்டிருந்தது. டிரம்ஸ் பெருத்தது, பழைய ஸ்டீல் கிடார் மூலைக்குப் போனது. தொலைவில் கற்றுக்கொண்டவர்கள் கையில்தான் பழசு பத்திரமாக இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கும்பகோணத்திலிருந்து கரோல் பாகுக்கு வந்து சேர்ந்த மாமி போடும் கோலத்தை இன்றைக்குக் கும்பகோணத்தில் தேடினாலும் பார்க்க முடியாது. அந்த மாதிரிதான்.

சரி, பழைய பாணிக் கன்ட்ரி பாட்டு என்றால் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது? பிரித்துப் பார்த்துவிடலாம், ரொம்பச் சின்னப் பெட்டிதான். பெரும்பாலான பாட்டுகளுக்கு மூன்று கார்டு போதும். ஜி, சி, டி. நாஷ்வில் ஸ்டூடியோக்களில் இந்த எழுத்துகளைக்கூட எழுத மாட்டார்கள். ஒன்று, நான்கு, ஐந்து என்று எண்ணாகப் போட்டுத் தாளை நீட்டிவிடுவார்கள். பாடகர் தொண்டை கட்டி, "இன்றைக்கு ஒரு கட்டை இறக்கிக்கலாமா?" என்றால் தாளை மாற்ற வேண்டியதில்லை, எண் அப்படியே இருக்கும், சுருதி மட்டும் மாறும். நம் ஊர்க் காதுக்குச் சொல்வதானால் ஸட்ஜமம், மத்யமம், பஞ்சமம். அவ்வளவுதான்! எந்தச் சுருதியில் பாடினாலும் ஸ ஸதான், ப பதான் என்பதை ஆறாம் வகுப்புப் பாட்டு கிளாஸ் பெண்கூடச் சொல்லிவிடுவாள். நாஷ்வில்காரர்கள் அதைக் கண்டுபிடித்து அதற்கு ஊர்ப் பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

மேடையில் இதற்கு ஒரு ரகசிய சைகையும் உண்டு. முன்னால் நிற்கிறவர் சபையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் கொண்டுபோய் நான்கு விரலைக் காட்டுவார். பின்னால் இருக்கிற பேஸ் கிடார்காரர் நான்காம் கார்டுக்குத் தாவுவார். முன்வரிசையில் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த முறை எந்தப் பார் மேடையைப் பார்த்தாலும் பாடகரின் முகத்தை விட்டுவிட்டு முதுகுப்பக்கம் போகும் கையைக் கவனியுங்கள். பாட்டைவிட அது சுவாரசியம்.

அடுத்து வலது கை. இங்கேதான் எனக்குக் கிறுக்குப் பிடிக்கும். கன்ட்ரி கிடாரில் கட்டை விரல் ஒரு தனி ஆள். அது பாட்டுக்குக் கெட்டித் தந்திகளில் டும்... டும்... என்று நடந்துகொண்டிருக்கும். ஜி கார்டு என்றால் ஆறாவது தந்தியில் ஒரு டும், நான்காவதில் ஒரு டும், மறுபடி ஆறு, மறுபடி நான்கு. மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் ராகத்தைக் கொறித்துக்கொண்டிருக்கும். மிருதங்கத்தின் இடந்தலையும் வலந்தலையும் ஒரே கைக்குள் வந்துவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி. கென்டக்கிச் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்த மெர்ல் ட்ராவிஸ் பெயரை இந்த முறைக்கு வைத்திருக்கிறார்கள். செட் அட்கின்ஸ் அதைப் பட்டை தீட்டினார். பாபி கேஷைக் கேட்டவர்கள் குரலுக்குச் சமமாக மெச்சுவது இந்த விரல் வேலையைத்தான்.

டிரம்ஸ் எங்கே என்று கேட்பீர்கள். பழைய கன்ட்ரியில் டிரம்ஸ் ஒரு தீண்டத்தகாத விருந்தாளி. நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' மேடையில் ரொம்ப காலத்துக்கு அதை ஏற்றவே தயங்கினார்கள். ஜானி கேஷ் என்ன செய்தார் தெரியுமா? 1956-ல் வந்த 'ஐ வாக் தி லைன்' பாட்டுக்கு, கிடார் தந்திகளுக்கு நடுவே ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிவிட்டார்! தந்தி அதிரும்போது காகிதமும் சரக் சரக் என்று உரசும். டிரம்ஸ் இல்லாமலே டிரம்ஸ் கிடைத்தாயிற்று. வீட்டில் கிடார் இருந்தால் பஸ் டிக்கெட்டைச் செருகிப் பாருங்கள், ரயில் ஓடும்.

ரயில் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த இசையே ரயில் தண்டவாளத்தில் வளர்ந்ததுதான். கன்ட்ரி இசையின் தந்தை என்று அவர்கள் கொண்டாடும் ஜிம்மி ராட்ஜர்ஸ், ரயில்வேயில் பிரேக் பிடிக்கும் வேலை பார்த்தவர். 1927-ல் பிரிஸ்டல் என்கிற சின்ன ஊரில் தொப்பிக் கடைக் கட்டடத்தில் கருவிகளை வைத்து ரால்ஃப் பீர் என்பவர் பாட்டு பதிவுசெய்தபோது ராட்ஜர்ஸும் கார்ட்டர் குடும்பமும் அங்கே பாடினார்கள். அதிலிருந்துதான் இந்தத் தொழில் சூடுபிடித்தது. காச நோயில் 1933-ல் ராட்ஜர்ஸ் போய்விட்டார். ஆனால் அவருடைய தட்டுகள் கப்பலேறின.

எங்கே வந்து இறங்கின? நம் ரயில்வே காலனிகளில். பெரம்பூர், பொன்மலை, அரக்கோணம் பக்கத்து ஆங்கிலோ-இந்தியன் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் இல்லாத கிறிஸ்துமஸ் கிடையாது. 1964-ல் விமான விபத்தில் இறந்துபோன அந்த மனிதர் அமெரிக்காவில் பழைய புகைப்படம் ஆகிவிட்டார். இங்கேயும் கொழும்பிலும் கேரளத்திலும் இன்னும் உயிரோடிருக்கிறார். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பு அவர் குரலை வீடு வீடாகக் கொண்டுவந்து இறக்கியது. வடகிழக்கு மாநிலங்களில் சர்ச்சும் கிடாரும் இருக்கும் ஊரெல்லாம் கன்ட்ரி உண்டு. ஆகவே டேராடூன் பையன் ஒருவன் கன்ட்ரி பாடினான் என்பதில் ஆச்சரியம் கொஞ்சம் குறைவாகவே படலாம். அதைத் தொழிலாக எடுத்துக்கொண்டு, சொந்தப் பாட்டு எழுதி, கன்ட்ரிக்காரர்களிடமே போய் நின்றான் என்பதுதான் பெரிய விஷயம்.

இன்னொரு அறைக் கதவையும் தள்ளிவிடுகிறேன், பொறுங்கள். ஜிம்மி ராட்ஜர்ஸ் பாட்டின் நடுவே குரலை உடைத்து உடைத்து 'யோட்லிங்' செய்வார். அந்தத் தட்டுகளையும், நியூஸிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் கொடி நாட்டிய டெக்ஸ் மார்ட்டனின் தட்டுகளையும் கேட்டுப் பழகியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கிஷோர் குமார்! ஹிந்தி சினிமாவில் அவர் குரல் துள்ளிக் குதித்ததெல்லாம் கௌபாய்களிடமிருந்து வந்த சொத்து. தமிழில் அந்தத் துள்ளலை நடிகர் சந்திரபாபு செய்து காட்டினார், சின்ன வயதில் கொழும்பில் இருந்தவர் அல்லவா. அந்த டெக்ஸ் மார்ட்டனைத்தான் ஆஸ்திரேலியக் கன்ட்ரி இசையின் தலைநகரான டாம்வொர்த்தில் 1976-ல் முதல் ஆளாகக் கௌரவப் பட்டியலில் ஏற்றினார்கள். அதே டாம்வொர்த்துக்குத்தான் நம் பால் கிஷோரும் போய்ச் சேர்ந்தார். சினிமாவில் இப்படி ஒரு ஒற்றுமையை வைத்தால் டைரக்டரைத் திட்டுவோம்.

ஸ்டீல் கிடார் விஷயம் இதைவிட வேடிக்கை. பழைய கன்ட்ரி பாட்டில் அழுவதுபோல வழுக்கிக்கொண்டு போகும் ஒலி இருக்கிறதே, அது ஹவாய்த் தீவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனது. மடியில் கிடாரை மல்லாக்கப் போட்டு, உருக்குத் துண்டால் தந்தியைத் தேய்த்து வாசிப்பது. ஜோசப் கெகுகு என்ற ஹவாய்க்காரர் கண்டுபிடித்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் இந்தியாவில் பிறந்து, கப்பல்காரர்கள் கடத்திக்கொண்டு போய் ஹவாயில் விட்ட கேப்ரியல் டேவியன் என்ற பையன் அதற்கு முன்பே 1880-களில் அப்படி வாசித்தான் என்றும் அங்கே ஒரு கதை உலவுகிறது. கதையாகவே இருந்தாலும் காதுக்கு இனிக்கிறது. தந்தியின் மேல் உருளையை வைத்து வழுக்குவது நமக்குப் புதிதா என்ன? பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி கோட்டுவாத்தியத்தில் செய்ததும் அதுதானே! ஹவாயிலிருந்து வந்து 1940-களில் கல்கத்தாவில் தங்கிய டாவ் மோ, அங்கே அந்தக் கிடாரைச் சொல்லிக்கொடுத்தார். லக்னோவைச் சேர்ந்த வான் ஷிப்லி அதை ஹிந்தி சினிமாவுக்குள் கொண்டுபோனார். விஸ்வமோகன் பட் அதையே மோகன வீணையாக்கி, ரை கூடருடன் வாசித்து 1994-ல் கிராமி விருதும் வாங்கிவிட்டார். கன்ட்ரி இசை அன்னிய இசை என்று யாராவது சொன்னால் அவரை உட்காரவைத்து இவ்வளவையும் சொல்லுங்கள். காபியும் கொடுங்கள், நேரமாகும்.

இப்போது கனாட் பிளேஸுக்கே திரும்பலாம். சங்கீதத்துக்கு இந்த வட்டம் ராசியான இடம். லாகூரிலிருந்து பிரிவினையின்போது வந்த ரிக்கி ராம் வாத்தியக் கடை இங்கேதான் இருக்கிறது. 1966 ஜூலையில் பீட்டில்ஸ் நால்வரும் டெல்லியில் இறங்கியபோது இந்தக் கடையில்தான் இந்திய வாத்தியங்கள் வாங்கினார்கள். கேலார்ட் போன்ற உணவகங்களில் ஐம்பதுகளிலேயே மேடை போட்டு வாத்தியக் குழுக்கள் வாசித்தன. சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே பாடுகிற வழக்கம் அப்போதிருந்து வருவது. ரோடியோ அதற்குச் சேணம் மாட்டியது, அவ்வளவே.

சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே பாடுவதென்றால் எப்படி என்று நினைக்கிறீர்கள்? சபாவில் பாடுகிறவருக்கு எதிரே தாளம் போடும் ரசிகர்கள். பாரில் பாடுகிறவருக்கு எதிரே பர்த்டே கேக். உருக்கமான பாட்டில் குரலைத் தாழ்த்தி, சபை மௌனமாகிற அந்தக் கணம் பார்த்து, கவுன்ட்டருக்குப் பின்னால் மிக்ஸி கர்ர்ர் என்று ஐஸை அரைக்கும். டிஷ்யூ பேப்பரில் வேண்டுகோள் எழுதி வரும். இந்தியாவில் எந்த ஊர் மேடையானாலும் அதில் பாதி 'ஹோட்டல் கலிஃபோர்னியா'தான். முதல் சுற்றில் ஆட்கள் பசியோடிருப்பார்கள், மெதுவான பாட்டு போதும். இரண்டாவது சுற்றில் பேச்சுச் சத்தம் ஏறும், தாளத்தைக் கூட்ட வேண்டும். மூன்றாவது சுற்றில் சபையே பாட ஆரம்பித்துவிடும், அப்போது பாடகரின் வேலை சுருதியைக் காப்பாற்றுவது. டெல்லியில் சட்டப்படி 25 வயதானால்தான் பாரில் குடிக்கலாம். ஆகையால் கல்லூரிப் பையன்களின் கூட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். ஆபீஸ் முடித்து, டை தளர்த்தி, வீட்டுக்குப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்கள். காதல் முறிவு, குடி, வீடு, ரயில் என்று பாடும் இசைக்கு இதைவிடச் சரியான சபை கிடையாது.

சொந்தப் பாட்டை இங்கே நுழைப்பதற்குப் பார் பாடகர்கள் எல்லோரும் ஒரு தந்திரம் வைத்திருப்பார்கள். தெரிந்த பாட்டு ஒன்று, அதன் வாலிலேயே சொந்தப் பாட்டு, கைதட்டலுக்கு இடைவெளி விடாமல் மறுபடி தெரிந்த பாட்டு. நடுவில் இருப்பது யாருடையது என்று சொல்லவே மாட்டார்கள். தட்டிலிருந்து தலைகள் நிமிர்கின்றனவா என்று மட்டும் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். நிமிர்ந்தால் பாட்டு பிழைத்தது. நிமிராவிட்டால் அன்றிரவே ஒரு சரணம் வெட்டுப்படும். ஒரு ஸ்டூடியோவில் லட்சக்கணக்கில் செலவழித்தாலும் இந்தத் தேர்வுத் தாள் கிடைக்காது. 'கௌபாய் அட் ஹார்ட்' மாதிரி ஆல்பத்தின் பாட்டுகளில் ஒரு சொல்கூட வெட்டியாக நிற்காமல் நேராகப் போவதற்குக் காரணம், அந்தப் பாணியே இப்படிப்பட்ட மேடைகளில் சதை உதிர்த்து எலும்பாகி வந்தது என்பதுதான். என்னைக் கேட்டால் அந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர்கள் பட்டியலில் ரோடியோவின் மிக்ஸியையும் சேர்த்திருக்க வேண்டும்.

கிடார் படும் பாட்டைச் சொல்லாவிட்டால் பாவம். டெல்லியில் மரத்தாலான கிடாரை வைத்துக் காப்பாற்றுவது ஒரு தனி சம்சாரம். மே மாதம் 'லூ' காற்று அடிக்கும்போது மரம் உலர்ந்து சுருங்கும். கழுத்துப் பலகையின் ஓரத்தில் உலோகக் கட்டைகளின் முனைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், கையை ஏற்றி இறக்கும்போது முள் மாதிரிக் கிழிக்கும். மேல்பலகை உள்வாங்கித் தந்திகள் தாழ்ந்து ஜிர்ர் என்று இரையும். ஜூலையில் மழை வந்தவுடன் எல்லாம் தலைகீழ். மரம் ஈரம் குடித்து வயிறு உப்பும், தந்திகள் உயரும், அழுத்தி அழுத்தி விரல் நுனி காய்த்துப் போகும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை அறுகோண ஸ்பேனரால் கால் சுற்று, அதற்கும் குறைவாகத் திருகி நேராக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு முழுச் சுற்று போட்டால் கழுத்தே போச்சு. வெயில் காலத்தில் கிடார் பெட்டிக்குள் ஈரப் பஞ்சு, மழைக் காலத்தில் சிலிக்கா பொட்டலம். குழந்தைக்குக்கூட இவ்வளவு பார்ப்பதில்லை. அதற்கு மேல் பாருக்குள் ஏசி! வெளியே 43 டிகிரியிலிருந்து தூக்கிக்கொண்டு உள்ளே போனால் ஆறு தந்தியும் ஆறு திசையில் சுருதி பேசும். பாடகர் முதல் பாட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து ஜோக் சொல்கிறாரே என்று நினைக்காதீர்கள். கிடாருக்கு ஜலதோஷம் தெளியக் காத்திருக்கிறார்.

2003 ஜனவரி. டெல்லியில் மூடுபனி. கனாட் பிளேஸின் நடுப் பூங்கா மெட்ரோவுக்காகத் தோண்டப்பட்டுக் குழியாகக் கிடந்த சமயம், பின்னாளில் ராஜீவ் சௌக் ஸ்டேஷன் ஆன இடம். நம்மாள் ஏறி இறங்கியதோ கொளுத்தும் ஆஸ்திரேலியக் கோடையில். சிட்னிக்கு வடக்கே சுமார் 400 கிலோமீட்டரில் டாம்வொர்த். வருஷம் தவறாமல் ஜனவரியில் அந்தச் சிறு நகரம் பைத்தியம் பிடித்ததுபோல் ஆகிவிடும். உள்ளூர் ரேடியோ நிலையம் 1973-ல் தொடங்கிவைத்த விருதுகளைச் சுற்றி வளர்ந்த திருவிழா. பீல் தெருவில் நடைபாதை நெடுக ஆளுக்கொரு கிடார், ஆளுக்கொரு தொப்பி. ஊர் முகப்பில் 12 மீட்டர் உயரத்துக்குத் தங்க நிறக் கிடார் ஒன்று நட்டு வைத்திருக்கிறார்கள். தரும் விருதும் தங்கக் கிடார்தான். இப்படிப்பட்ட ஊருக்கு வந்து நம்ம ஊர்க்காரர் கன்ட்ரி பாடுகிறார் என்றால்? திருவையாற்றில் ஆராதனை நாளில் டெக்ஸஸ்காரர் ஒருவர் உட்கார்ந்து தோடி ஆலாபனையைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிமிஷம் கூட்டம் வேடிக்கை பார்க்கும். இரண்டாவது நிமிஷத்தில் சரக்கு இல்லாவிட்டால் தொலைந்தது.

சரக்கு இருந்தது. பாபி கேஷை அந்த ஊர் தூக்கி வைத்துக்கொண்டது. பத்திரிகைகள் எழுதின, அவரைப் பற்றி 'தி இண்டியன் கௌபாய்... ஒன் இன் எ பில்லியன்' என்று ஆவணப்படமே வந்தது. அடுத்த ஆண்டு 'கௌபாய் அட் ஹார்ட்' ஆல்பம். அதற்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் ஊர் ஊராக எத்தனையோ முறை மேடையேறிவிட்டார். இந்தியாவில்? 'ஆங்கிலத்தில் பாடுகிற அந்தத் தொப்பிக்காரர்' என்பதோடு பலருக்குக் கதை முடிந்தது. இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. 'நூறு கோடியில் ஒருவர்' என்ற விளம்பர வாசகம் ஆளைப் பிரபலமாக்கியது உண்மைதான், ஆனால் காட்சிப் பொருளாகவும் ஆக்கிவிட்டது. நாஷ்வில்காரர் சிதார் வாசித்தால் 'சாதகம்' என்கிறோம். டேராடூன்காரர் கன்ட்ரி பாடினால் 'அட, வேடிக்கை!' என்கிறோம். உழைப்பு என்னவோ ஒரே உழைப்பு.

அந்த ஆண்டுகளில் டெல்லியில் காற்றே அப்படியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இண்டியன் ஓஷன் குழுவின் 'கந்தீஸா' 2000-ல் வந்தது. பாபி கேஷின் ஆல்பம் வந்த அதே 2004-ல் டெல்லிக்காரரான ரப்பி ஷெர்கில், புல்லே ஷாவின் பஞ்சாபிப் பாடலுக்குக் கிடார் போட்டு நாட்டையே பாடவைத்தார். இவர்களுக்கெல்லாம் மூத்தவர் சுஷ்மித் போஸ். ஹிந்துஸ்தானி வித்வான் சுனில் போஸின் மகனாகப் பிறந்து, அப்பாவின் தும்ரியை விட்டுவிட்டு, 1970-களிலேயே கிடாரும் மவுத் ஆர்கனுமாக ஆங்கிலத்தில் சொந்தப் பாட்டு எழுதிப் பதிவு செய்தவர். பம்பாயில் சினிமா என்கிற பெரிய ஆலமரம் எல்லோரையும் இழுத்துக்கொள்ளும். டெல்லியில் அந்த நிழல் இல்லை, ஆகவே ஆளுக்கொரு திசையில் முளைத்தார்கள். தலைநகரம் என்றால் அரசியல் மட்டும்தான் என்று சென்னையில் உட்கார்ந்து சொல்கிறவர்களுக்கு இது தெரியாது.

'கௌபாய் அட் ஹார்ட்' கையில் கிடைத்தால் ஒரு வேண்டுகோள். செல்போன் ஸ்பீக்கரில் போடாதீர்கள், அதில் கட்டை விரலின் டும் காதுக்கு வந்தே சேராது. நல்ல ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். முதல் தடவை கதையைக் கேளுங்கள். இரண்டாவது தடவை குரலை விட்டுவிட்டுக் கெட்டித் தந்தியை மட்டும் பின்தொடருங்கள். ஸ, ம, ப எங்கே மாறுகிறது என்று விரல்விட்டு எண்ணுங்கள், பத்து நிமிஷத்தில் பிடிபட்டுவிடும். வீட்டில் கிடார் கற்கும் பிள்ளை இருந்தால் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, பஸ் டிக்கெட் ஒன்றையும் கொடுங்கள்.